சிசிலியாவுக்கு மட்டும் கொடுத்த லீவுத் துண்டு

தொதல் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. எனக்கு இனிப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் இந்த வீட்டில் தொதல் இல்லாமல் இருந்ததில்லை. பிறர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். இதைக் கிண்டுகிறவள் இதே தெங்கேராத் தெருவில் இரண்டு கதவு தள்ளி இருக்கிறாள். அவள் தொதலைத் தின்றுவிட்டு ஒரு நீதிபதி தன் தீர்ப்பையே மாற்றி எழுதினார் என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்றால், நான்தான் சொல்வேன்.

தொழிலாளர் இலாகாவிலிருந்து ஆனந்தராஜா என்று நீங்கள் ஒருவர் விசாரிக்க வருகிறீர்கள் என்று தெரிந்ததும் என் மனைவி சந்திராதேவிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஓய்வு பெற்ற கிராணியை யார் வந்து என்ன கேட்கப் போகிறார்கள்? நடக்கும்போது வழி கேட்பார்கள், அவ்வளவுதான். நீங்கள் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து என் வேலையைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பதும் தெரிகிறது. பாருங்கள், அது உங்கள் உத்தியோகம். திரைக்குப் பின்னால் நடமாட்டம் நின்றுபோனதைக் கவனித்தீர்களா? அவளும் கேட்கிறாள். கேட்கட்டும்.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் இராஜரட்ணம். வயது ஐம்பத்தெட்டு. செலண்டாருக்கு உள்ளே நாலு மைலில் இருக்கிற அந்த ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கிராணி, பேர் பதிகிற குமாஸ்தா. 1956இல் ஓய்வு. தோட்டத்தின் பெயர் உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது. என் கையெழுத்தைப் பார்ப்பதற்கென்றே சிங்கப்பூரிலிருந்து ஆள் வந்தது. சரி, சிங்கப்பூர் இல்லை, பக்கத்து ஊர் தம்பின். ஆளும் வரவில்லை, ஒரு கடிதம் வந்தது. ஆனால் கடிதத்தில் பாராட்டியிருந்தார்கள்.

பாக்கியசாமியின் மனுவை நான் படித்துவிட்டேன். பணம் காசு ஒன்றும் கேட்கவில்லை. ‘என் மனைவி சிசிலியா முழுப்பேர்க்காரி என்று தோட்டத்துப் புத்தகத்தில் திருத்த வேண்டும்’ என்று மட்டும் கேட்கிறான். எட்டு வருடம் கழித்து. செத்துப்போனவள் அரைப்பேரானால் என்ன, முழுப்பேரானால் என்ன என்று உங்கள் மேலதிகாரி நினைத்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பேர் பதிகிற காரியத்தில் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

முழுப்பேர், அரைப்பேர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஐந்தரைக்கு ஆபீசுக்கு முன்னால் பெரட்டு. எல்லாரும் வரிசையாக நிற்பார்கள், நான் பேர் கூப்பிடுவேன். ‘இருக்கேன்’ என்றவனுக்கு அன்று முழுப்பேர். பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர். ஒரு வருடம் விடாமல் முழுப்பேராக நின்றால் அவன் நிரந்தரம். அவனுக்கு லயத்தில் வீடு, நோய் என்றால் வைத்தியம் பார்க்கத் தோட்டத்து டிரெசர், பெண் என்றால் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு, கைப்பிள்ளைக்கு ஆயாக் கொட்டகை. அரைப்பேருக்கு இதெல்லாம் கிடையாது. இருவரும் வெட்டுவது ஒரே மரம்தான். பால் வாளியில் வித்தியாசம் தெரியாது. என் புத்தகத்தில்தான் தெரியும்.

இன்னொரு சட்டம் இருந்தது. துண்டு இல்லாமல் அடுத்தடுத்து மூன்று பெரட்டுக்கு வராதவனின் பேர் அடிபடும். திரும்பி வந்தால் புதுப்பேர். புதுப்பேர் அரைப்பேரில்தான் தொடங்கும். லீவு என்றால் கிராணி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், அதைக் காட்டினால் பேர் அடிபடாது. நல்ல சட்டம். அதை எழுதியவர் யாரோ, மூன்று என்ற எண்ணை யோசித்துத்தான் போட்டிருப்பார்.

1951 பிறந்ததும் சர்க்கார் உத்தரவு வந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுக்கக் கூடாது. ஆகவே சிதறிக் கிடந்த லயங்களை இடித்து, ஆபீசைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, எல்லாரையும் உள்ளே வைக்க வேண்டும். வேலிக்குள் முப்பத்தாறு வீடு கட்டினார்கள். தோட்டத்தில் நிரந்தரக் குடும்பம் ஐம்பத்துநாலு. மிச்சம் பதினெட்டுக் குடும்பம் நாலு மைல் தள்ளி சர்க்கார் கட்டிய முகாமுக்குப் போக வேண்டும். நிரந்தர ஆட்களை அங்கே தள்ள முடியாது. அரைப்பேர்க்காரர்களைத் தள்ளலாம்.

துரை என்னைக் கூப்பிட்டு, ஒரு வழி பாருங்கள் மிஸ்டர் இராஜரட்ணம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவரை இதில் இழுக்க வேண்டாம். மண்டோர் சாமிக்கண்ணு, பெரட்டில் ஆட்களை மேய்க்கிறவன், சீட்டுக் குலுக்கிப் போடச் சொன்னான்.

“யாரு தலையில எழுதியிருக்கோ அவன் போறான் லா அய்யா. நம்ம மேல பழி இல்ல.”

எனக்கு அது பிடிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவதில் என்ன திறமை இருக்கிறது? ஒரு குரங்கும் குலுக்கும். முப்பத்தொரு வருட அனுபவத்தில் நான் கண்டது, மனிதர்களை எதையும் பிடுங்கிக்கொள்ளாமலே காலியாக்கலாம். கொடுத்துக் காலியாக்கலாம்.

மாசி மகம் வந்தது. செங் மலைக்கு, சன்னாசி ஆண்டவர் கோயிலுக்கு, மலாக்காவில் இருக்கிற எந்தத் தமிழன்தான் போகமாட்டான்? முனியாண்டி வந்து தலையைச் சொறிந்தான். அவனோடு சுப்பம்மா, இன்னும் நாலைந்து பேர்.

“கிராணியாரே, ஒரே ஒரு நா லீவு குடுத்தீங்கன்னா போதும். விடிய போயிட்டு பொழுதுசாய வந்துருவோம்.”

“ஒரு நாளிலை என்னத்தைக் கும்பிடுவியள்? மூண்டு நாள் நிண்டு ஆறுதலாய்க் கும்பிட்டுட்டு வாங்கோ. லொறியும் தாறன்” என்றேன்.

அவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுப்பம்மா என் காலில் விழப்போனாள். முனியாண்டிதான் கடைசியில் மெதுவாக, “துண்டு ஒண்ணு…” என்று இழுத்தான்.

“என்னப்பா, என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

அவ்வளவுதான் கேட்டேன், அதுவும் சிரித்துக்கொண்டு. அவன் காது சிவந்துபோயிற்று. சுப்பம்மா அவன் தோளில் அடித்தாள். “அவரே வாயெடுத்துச் சொல்றாரு, லொறியும் தர்றாரு. இவரு காயிதம் கேக்குறாரு. மானத்த வாங்காதய்யா.”

நம் ஆட்களின் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கெட்டவனிடம் துண்டு கேட்பார்கள், கைநாட்டு கேட்பார்கள், சாட்சி கேட்பார்கள். நல்லவனிடம் காகிதம் கேட்பதை அவனைக் காறித் துப்புவதற்குச் சமமாக நினைப்பார்கள். ஆகவே நான் நல்லவனாக இருந்தேன். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அந்த மூன்று நாளில் பதினொரு குடும்பம் போய்வந்தது. திரும்பி வந்து எனக்குத் திருநீறும் மாலையும் கொடுத்தார்கள். மாலை ஆனை கழுத்துக்குப் போடுகிற அளவு பெரிது. அதைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்து பதினொரு பேரையும் அடித்தேன்.

சத்தமாக அடிக்கவில்லை. வேலி வீட்டுக்கான பட்டியல் மே மாதம்தான் வாசிக்கப்படும். அதுவரை யாருக்கும் சொல்லவேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை. பெரட்டில் வழக்கம்போலப் பேர் கூப்பிட்டேன், அவர்களும் வழக்கம்போல ‘இருக்கேன்’ என்றார்கள்.

மார்ச் மாதத்தில் பெரிய வெள்ளி. வேதக்காரக் குடும்பங்கள் மலாக்கா டவுனுக்குப் போய், ஆண்டவரின் சொரூபத்தைத் தூக்கி வருகிற ஊர்வலத்தில் நடப்பார்கள். வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள் என்று நான் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆறு குடும்பம் வந்தது, ஆறுக்கும் வாய் நிறைய லீவு கொடுத்தேன். ஏழாவதாக வந்தவள் சிசிலியா.

அவளைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்தாறு வயது இருக்கும். ஏழு வருடம் ஒரு பெரட்டுத் தவறாதவள். புருஷன் பாக்கியசாமி புல்வெட்டுக் காண்ட்ராக்டில் இருந்தான், அவனுக்குப் பேரே கிடையாது. ஆக, லயத்து வீடு அவள் பேரில். முன்பு இரண்டு பிள்ளை பிரசவத்தில் தவறிப்போனது. நான் சொல்கிற அந்த மார்ச்சில் அவள் மறுபடியும் ஆறு மாதக் கர்ப்பம். இந்தத் தடவை தான் பக்கத்தில் இல்லாமல் பெறக்கூடாது என்று டிரெசர் குலம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேலிக்குள் வீடு என்றால் குலம் அவளுக்கு முப்பதடி தூரம். முகாம் என்றால் நாலு மைலும் இரண்டு கேட்டும். இது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். பிரசவ லீவுக்கு அவள் பேரை நானே பதிந்து வைத்திருந்தேன்.

“மூண்டு நாள் போயிட்டு வா பிள்ளை” என்றேன்.

“சரிங்கய்யா. துண்டு எழுதிக் குடுங்க.”

“ஏன், என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

“நம்பிக்கை வேற, துண்டு வேறங்கய்யா.”

பின்னால் நின்ற பெண்கள் “ஏ சிசிலி” என்று அவள் சேலையை இழுத்தார்கள். அவள் அசையவில்லை. மேசை விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, நான் பேனாவைத் திறக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தராசில் எடை போடுகிறவன் முள்ளைப் பார்ப்பானே, அப்படி.

எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையிலேயே அழகான எழுத்து அதுதான் என்று நினைக்கிறேன். அவள் அதை வாசித்துப் பார்த்து, தேதியைச் சரிபார்த்து, ஜெபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பி வந்த அன்று பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் துண்டை நீட்டிக் காட்டித் திரும்ப வாங்கிக்கொண்டாள். பேர் நின்றது. மற்ற ஆறும் அடிபட்டது. பதினெட்டுக்கு ஒன்று குறைந்தது.

ஒன்றுதானே, வேறு யாரையாவது பார்த்திருக்கலாமே என்று உங்கள் பென்சில் நிற்கிறது. பார்த்திருக்கலாம். தம்புசாமிக் கிழவன் இருந்தான், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஐந்து நாளாவது குடித்துவிட்டுக் கிடப்பான். சும்மா காத்திருந்தாலே போதும்.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்குக் காவலாக ஒரு சார்ஜன்ட் இருந்தான். சாயங்காலம் ஆபீசில் காப்பி குடிப்பான். எல்லாரையும் சந்தேகிப்பது அவன் வேலை, அவனுக்கு உதவுவது நல்ல பிரஜையின் கடமை. ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன், பெரிய வெள்ளிக்கு நிறையப் பேர் லொறியில் போனார்கள், சிசிலியா மட்டும் லொறியில் போகவில்லை என்று. அவள் வாந்தி வருகிறதென்று பஸ்ஸில் போனாள், அது எனக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை, ஆகவே நான் சொல்லவில்லை. கோயிலுக்குத்தான் போயிருப்பாள் என்றேன். கவனியுங்கள், போயிருப்பாள் என்றுதான் சொன்னேன். அவளுக்குச் சாதகமாகத்தான் சொன்னேன்.

இரண்டு நாளில் அவளைப் பால்வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே ஜீப்பில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் எங்கே இருந்தாய், யாருக்கு என்ன கொண்டுபோனாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் இடுப்பில் முடிந்து வைத்திருந்த அந்தத் துண்டைக் காட்டியிருக்கிறாள். சார்ஜன்ட் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“இது உங்க கையெழுத்தா, கிராணி?”

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

“என்ரை கையெழுத்து மாதிரித்தான் இருக்கு” என்றேன்.

பொய் இல்லை. என் கையெழுத்து என் கையெழுத்து மாதிரித்தானே இருக்கும். அந்த ஒரு சொல்லுக்கு அவளைப் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். குற்றம் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்குப் போ என்று விட்டுவிட்டார்கள். துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

வந்த மறுநாள் பெரட்டில் நின்றாள். நான் அவள் பேரைக் கூப்பிடவில்லை. ஆட்கள் கலைந்த பிறகு மேசைக்கு வந்தாள். வயிறு முன்னால் தெரிந்தது.

“பேரு என்னங்கய்யா ஆச்சு?”

“பத்தொன்பது நாளாய்ப் பெரட்டுக்கு வரேல்லையே பிள்ளை. சட்டப்படி அடிபட்டுப் போச்சு. புதுப்பேர் பதியிறன், அரைப்பேரிலை.”

“போலீசு புடிச்சு வெச்சிருந்தது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். லீவெண்டால் துண்டு வேணும்.”

அவள் அழவில்லை. அதிலே எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். “துண்டு இருந்தாலும் நீங்க மாதிரின்னுதானே சொல்லுவீங்க” என்றாள். டவுனில் யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மே மாதம் சாமிக்கண்ணு பட்டியலை வாசித்தான். பதினெட்டுக் குடும்பம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. முனியாண்டி நேராக என்னிடம் வந்தான்.

“நீங்கதானே போவச் சொன்னீங்க கிராணியாரே?”

“போகச் சொன்னனான். இல்லையெண்டு சொன்னனோ? துரையின்ரை சட்டம் ராசா, நான் என்ன செய்ய?”

அவர்களுக்காக நானே துரைக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். அற்புதமான மனு. கல்லும் கரைந்திருக்கும். அந்த மனுவைப் பெற்றுக்கொள்கிற அதிகாரியும் நான்தான். ஆகவே அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம்.

முகாமைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அதில் எனக்குப் பங்கு இல்லை, ஆனால் ரசித்தேன். முகாம் கேட்டைக் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். எங்கள் பெரட்டு ஐந்தரைக்கு. முகாமில் இருக்கிறவன் எவ்வளவு ஓடி வந்தாலும் பிந்தித்தான் வருவான், பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர்தான், அரைப்பேர்க்காரன் முகாமில்தான் இருக்க முடியும். இனி நான் ஒருவரையும் தொட வேண்டியதில்லை. இவ்வளவு நேர்த்தியாக ஓடுகிற யந்திரத்தை எங்கள் ரப்பர் ஆலையிலும் நான் பார்த்ததில்லை.

ஜூன் மாதம் பக்கத்துக் காட்டில் ஏதோ சண்டை நடந்தது. அந்த வாரம் ஊரடங்கு. முகாம் கேட் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் திறக்கும். பால்வெட்டும் இல்லை. நான் ஆபீசில் பழைய புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்கு டெலிபோன். முகாமின் காவல் அறையிலிருந்து ஒரு அதிகாரி. சிசிலியா என்ற பெண்ணுக்கு வலி கண்டிருக்கிறது, பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம், டவுனிலிருந்து வண்டி வரச் சாயங்காலம் ஆகும், உங்கள் தோட்டத்து டிரெசர் வேனுக்குப் பாஸ் இருக்கிறது, ஆனால் அது நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான் செல்லும், இவள் உங்கள் ஆள்தானா என்று கேட்டார். பின்னால் ஒருவன் கத்துவது கேட்டது. பாக்கியசாமியாக இருக்கும்.

குலம் என் மேசைக்கு எதிரேதான் நின்றார். கையில் பை. அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“அண்ணை, ஓமெண்டு சொல்லுங்கோ. நான் போட்டு வாறன்.”

ஒரு நிமிடம் பொறுங்கள் என்று டெலிபோனை மேசையில் வைத்தேன். ஞாபகத்திலிருந்து நான் எப்போதும் பதில் சொன்னதில்லை. புத்தகத்தை இறக்கி, அட்டையில் இருந்த தூசியைத் துடைத்து, பக்கத்தைத் தேடினேன்.

“புத்தகத்திலை அரைப்பேரெண்டுதான் கிடக்கு, குலம்.”

“புத்தகத்தை எழுதினது ஆர் அண்ணை?”

புத்தகத்தை மூடினேன். டெலிபோனை எடுத்து, நிரந்தர ஆள் இல்லை என்று சொன்னேன். அவர் நன்றி சொன்னார். நானும் நன்றி சொன்னேன். குலம் பாஸ் இல்லாமலே வேனை எடுத்துக்கொண்டு போனார். முதல் கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளையும் அவளும் போய்விட்டதாக இன்னொரு டெலிபோன் வந்தது. அதையும் நான்தான் எடுத்தேன்.

ஜூலையில் என்னைப் பெரிய கிராணி ஆக்கினார்கள். அதற்காகத்தான் செய்தேன் என்று குலம் உங்களிடம் சொல்லியிருப்பார். அது அநியாயம். அது கிடைக்காமல் போயிருந்தாலும் செய்திருப்பேன்.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். பாக்கியசாமி மனுவில் சொல்லியிருப்பது அத்தனையும் உண்மை. அவள் முழுப்பேர்க்காரி. லீவுத் துண்டு என் கையால் எழுதியது, கையெழுத்தும் என்னுடையது. அந்தத் துண்டு என்னுடையதுதான் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்கள். டெலிபோனில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள், ஒருவேளை பிள்ளையும். இரண்டையும் தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன். மற்ற பதினேழு பேரை வேலிக்கு வெளியே தள்ளியது துரையின் வேலை என்று வைத்துக்கொண்டாலும், இவளை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

சந்திராதேவி, அங்கே நின்று விம்மாதே, தம்பிக்கு இன்னொரு தேத்தண்ணி கொண்டுவா.

ஏன் அவளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மூன்றாம் தடவை கேட்கிறீர்கள். சரி, அதையும் எழுதுங்கள், ஆனால் நான் சொல்கிறபடியே எழுத வேண்டும். ஐம்பத்துநாலு குடும்பத்தில் ஐம்பத்துமூன்று குடும்பம் என்னை நம்பியது. அவள் ஒருத்திதான் மேசையில் கையை வைத்துக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஒரு மனிதனை அப்படிப் பார்க்கலாமா, தம்பி? அதற்கு நான் அவளுக்கு எந்தக் காரணமும் கொடுத்ததில்லை.